ஊர்க்காரர் ஓடினார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்தது. கழுத்தில் பதக்கம், உடம்போடு ஒட்டிப்போன பனியன், பின்னால் விடிந்தும் விடியாத கடல். கீழே ஒரு வரி: "நம்ம ஊர்க்காரரு பினாங்குல இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி முடிச்சிட்டாரு. வாழ்த்துகள்!"

படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. மலேசியாவில் இந்த நிபோங் திபாலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசியில் நம்மையும் ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொண்டார்களே என்று மனைவியிடம் நீட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவங்க சொல்ற ஊரு எதுன்னு தெரியும்ல?"

அப்புறம்தான் உறைத்தது. இங்கே பேச்சில் ஊரு என்றால் இந்தியா. ஊர்க்காரர் என்றால் அங்கிருந்து வந்தவர், அதாவது இந்த ஊர்க்காரர் இல்லாதவர். எங்கள் கோவில்பட்டியில் 'அவரு நம்ம ஊர்க்காரரு' என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் கடனும் கிடைக்கும், ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும். அதே சொல் கடலைத் தாண்டியதும் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. வாழ்த்தியவர் மனதில் ஒரு கெடுதலும் இல்லை, பாவம், இரண்டு கைகூப்பும் பொம்மைகளும் போட்டிருந்தார். ஆனாலும் சாப்பிடும்போது பல்லில் மாட்டிய நார் மாதிரி அந்தச் சொல் இன்னும் மாட்டிக்கொண்டே இருக்கிறது.

மற்றபடி நான் இங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். ரிங்கிட்டை வெள்ளி என்கிறேன். காரைக் காடி என்கிறேன். மகள் எல்லா வாக்கியத்தையும் 'லா' போட்டு முடிக்கும்போது முன்பு போல முறைப்பதில்லை. வந்த முதல் வாரம் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டார். என்னடா இது, வேதாகமத் தமிழில் பேசுகிறார்களே என்று நினைத்துக்கொண்டு, "இல்ல பாட்டி, பசியே இல்ல" என்றேன். அவருக்கு 'இல்ல' மட்டும் காதில் விழுந்தது போல. பத்து நிமிஷத்தில் வாழை இலையில் பொதிந்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வந்துவிட்டது, நெத்திலிச் சம்பலோடு. பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு என்பது இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சில நாள் காலையில் 'இல்ல' என்றே சொல்லிவைக்கிறேன்.

அந்த நாசி லெமாக்கும், தே தாரிக் என்கிற டீயில் ஊற்றுகிற கெட்டிப்பாலும் சேர்ந்துதான் என்னை ஓட வைத்தன. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். சரி, ஓடுவோம் என்று முடிவெடுத்தேன். கோவில்பட்டியில் விடிகாலையில் ஒரு பையன் ஓடினால் ஒரே அர்த்தம்தான், போலீஸ் வேலைக்குத் தயார் ஆகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தெருவில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அம்மாவிடம் போனில் ஓடப் போகிறேன் என்றதும், "நாப்பது வயசுக்கு மேல எந்த வேலைக்குடா?" என்று கேட்டதில் தப்பே இல்லை. காசு கட்டி ஓடுகிறேன் என்பதைச் சொல்லவேயில்லை.

எங்கள் தாமானை ஒட்டியே செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டச் சாலையில் ஓடுவேன். இரண்டு பக்கமும் மட்டைகள் கவிந்து குகை மாதிரி இருக்கும். உதிர்ந்த செம்பழங்கள் செருப்புக்கடியில் நசுங்கி வழுக்கும். காற்று திரும்பினால் ஆலையின் வாசனை வரும், பழைய எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே மறந்துவிட்ட மாதிரி. எலி பிடிக்க ஆந்தைகளுக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், அதிலிருந்து ஒன்று சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் போனால் அடுத்த அரைக் கிலோமீட்டர் என் வேகம் பிரமாதமாக இருக்கும். பாம்பைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. நினைத்தால் ஓட முடியாது.

ஒருநாள் அப்படிக் கிளம்பும்போது வாசலில் பாட்டி நின்றிருந்தார். இருட்டில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"யாரது, வெட்டுக்குப் போற மாதிரி நெத்தில வெளக்கக் கட்டிக்கிட்டு?"

பாட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை இடித்து, எல்லோரும் இந்தத் தாமானுக்குக் குடிவந்தும் ரொம்ப நாளாயிற்று. ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை, இன்னும் நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறது. அன்றைக்கு நான் ஓடவில்லை. வேலியில் சாய்ந்து கதை கேட்டேன். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டதும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் சுண்டிவிடும், குளிர்ச்சியில்தான் தாராளமாக வடியும், அதனால்தான் அந்த நேரம். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். வெட்டி முடித்துத் திரும்ப முதல் மரத்திலிருந்து பால் வடிந்த ஒவ்வொரு மங்காக, அதாவது கிண்ணமாக, வாளியில் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். அப்புறம் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளியை மாட்டித் தோளில் வைத்து ஸ்டோர் வரைக்கும் நடை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் காசும் இல்லை.

"நீ எவ்ளோ தூரம் ஓடப் போறே?"

"இருபத்தொரு கிலோமீட்டர் பாட்டி."

"அதுக்கு எவ்ளோ குடுப்பாங்க?"

நான்தான் கொடுக்க வேண்டும் என்றேன். பாட்டி சிரிக்கக்கூட இல்லை. யாரோ நன்றாக ஏமாந்துவிட்டதைக் கேட்ட மாதிரி 'ஐயோ பாவம்' என்று உள்ளே போய்விட்டார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலமே இரண்டாவது பாலத்தில் காடியை ஓட்டிக்கொண்டு பினாங்குத் தீவுக்குப் போய், ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவில் ஒரு மலிவு அறை எடுத்தேன். அது செய்த தப்பு. நம் ஆட்களான சூலியா முஸ்லிம்களின் பேரில் இருக்கிற தெரு, இப்போது முதுகுப்பை வெள்ளைக்காரர்களின் தெரு. விடிய விடியப் பாட்டு. தூக்கமே வராமல் நடுராத்திரி தாண்டியதும் எழுந்து, அரைக்கால் சட்டையும் நெஞ்சில் எண்ணும் குத்திக்கொண்டு இறங்கினால், வாசலில் பீரோடு நின்ற ஒரு பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான். அவனுக்கு அது இரவின் கடைசி, எனக்குக் காலையின் முதல். கோவில்பட்டியிலோ இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை. அம்மா அப்போதுதான் படுத்திருப்பாள்.

ஓட்டம் தொடங்குகிற குயின்ஸ்பே கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் இடிபட்டவனுக்கு இந்தக் கூட்டம் புதிதில்லை, ஆனால் இங்கே எல்லார் மேலும் விபூதிக்குப் பதில் தைல வாசனை. மூன்று மணி இருட்டில் எதற்கு ஓட வேண்டும் என்று முதலில் எனக்கும் புரியாமல்தான் இருந்தது. இந்த ஊர் வெயிலில் எட்டு மணிக்கு மேல் பாலத்தின் மேல் ஓடிப் பார்த்தால் புரியும், மனுஷனும் சுண்டிவிடுவான். பாட்டி சொன்ன அதே கணக்குதான். சுற்றிலும் பாதிப் பேர் நெற்றியில் விளக்கு. ஒலிபெருக்கியில் ஒருவர் ஏதோ கத்திக்கொண்டிருக்க, பெரட்டுதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தது. நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேல். காடியில் போகும்போது பாட்டு இரண்டு முடிவதற்குள் தாண்டிவிடுகிற பாலம், காலால் ஓடினால் முடியவே மாட்டேன் என்கிறது. நடுவில் கம்பி வடங்கள் தாங்குகிற இடத்துக்கு ஒரு ஏற்றம் இருக்கிறது. காடியில் இத்தனை தடவை போயும் அப்படி ஒரு ஏற்றம் இருப்பது எனக்குத் தெரியாது. என் முட்டிக்குத் தெரிந்தது. உச்சியில் காற்று அடித்தது, கீழே ஒரு கப்பல் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது, எதிரே பெருநிலத்தின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தப் பக்கம்தான் என் வீடு. மனைவி தூங்குகிற வீடு, மின்விசிறி ஒரு பக்கமாகக் கிரீச்சிடுகிற வீடு. காலைப் பார்க்காமல் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு ஓடினேன், நன்றாகவும் ஓடினேன்.

முழு மாரத்தான்காரர்கள் அப்படியே போகலாம். என்னைப் போன்ற அரை மாரத்தான்காரர்களைக் கரை தொடுவதற்கு முன்பே திருப்பிவிடுவார்கள். கூம்பு வைத்து, ஒரு பையன் சின்ன விளக்கை ஆட்டிக்கொண்டு, "யூ டர்ன், யூ டர்ன்" என்றான். வீட்டைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில் வைத்துத் திருப்பி அனுப்புவது என்ன நியாயம் என்று அந்த நேரத்தில் தோன்றியது உண்மை. திரும்பின பிறகு கொஞ்ச நேரம் எது வீட்டுப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. சென்னை விமான நிலையத்தில் தம்பி வழியனுப்பும்போதும், "எப்பண்ணே வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்பான். இங்கே இறங்கினதும் முதல் வேலையாக மனைவிக்கு 'வீட்டுக்கு வந்துட்டேன்' என்று செய்தி போடுவேன். எந்த வீடு என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

பதினாறாவது கிலோமீட்டரில் கால் சொன்னதைக் கேட்கவில்லை. மற்றவர்கள் பொட்டலத்திலிருந்து ஜெல் பிழிந்துகொண்டிருந்தார்கள். என் பையில் அம்மா அனுப்பிய கடலைமிட்டாய். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஊரே பட்டாசு வெடிக்காத குறையாகப் பெருமைப்பட்டது, ஆனால் மலேசியப் புழுக்கத்திடம் அந்தக் குறியீடு செல்லாது. ஒட்டி, உருகி, காகிதம் எது பாகு எது என்று தெரியாமல் இருந்தது. காகிதத்தோடு கொஞ்சம் தின்றேன். அந்த வெல்ல வாசனை ஏறியதும் ரயில்வே கேட்டும், கரிசல் மண் மழையில் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனம் கூடுகிற நடையும் ஞாபகம் வந்தன. இப்போதும் அப்படித்தான் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆமாம், இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் வந்தேன். குழுவில் அதை யாரும் போடவில்லை.

முடித்துவிட்டு, சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்று நாசி கண்டார் சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் நம் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு போட்டு ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் சுமந்து விற்றதால் வந்த பெயர். கண்டார், காண்டா. பாட்டியின் பால்வாளிக் கம்புதான் என்று இரண்டாவது கவளத்தில்தான் பிடிபட்டது. மீன்முட்டைக் குழம்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

திங்கட்கிழமை பாட்டி வந்தார். பதக்கத்தைக் கேட்கவே இல்லை. எங்கேயிருந்து ஓட ஆரம்பித்தாய் என்று கேட்டார். குயின்ஸ்பே என்றேன், அது எங்கே என்றார். விவரித்தேன், கடலோரம், பாலத்துக்குத் தெற்கே.

"எதுத்தாப்ல ஒரு தீவு இருக்குமே, பாத்தியா?"

ஜெரெஜாக் தீவு. முன்பு தொழுநோயாளிகளை வைத்திருந்த தீவு, கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்திய தீவு, பிற்பாடு சிறைச்சாலை. இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். பாட்டிக்கு அப்பா சொல்லித் தெரியும். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவரை, காய்ச்சல் இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று அங்கேதான் நிறுத்தி வைத்தார்களாம். கரை தெரியும், போக விடமாட்டார்கள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம், வாசலில் நின்றால் மலை தெரியும் என்பாராம். கிராமத்தின் பெயர் பாட்டிக்கு மறந்துவிட்டது.

"துறையூர் எனக்குத் தெரியாது பாட்டி. நம்ம பக்கம் கோவில்பட்டி, ரொம்பத் தெக்க."

"என்ன ஊர்க்காரன் நீ, ஊரே தெரியலங்குற."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போனில் குழுப் படத்தைத் திறந்தேன். பதக்கம், பனியன், விடியல் கடல், தோளுக்குப் பின்னால் கறுப்பாகப் படுத்துக்கிடக்கும் மேடு. படம் எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். பாட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒன் தலை மறைக்குதே, தம்பி" என்றார்.