சாளக்கிராமத்தின் பிறந்த வீடு

எங்கள் வீட்டுப் பூஜை மாடமான கோவிலாழ்வாரில் ஒரு சாளக்கிராமம் இருக்கிறது. பெருமாளாகவே நாங்கள் வழிபடும் கல். நெல்லிக்காய் அளவுதான். தாத்தா இருந்தவரை அதை நீராட்டும் திருமஞ்சனத்தை அவர்தான் செய்வார். அவருக்குப் பிறகு, அப்பா விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், 12 வயதில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பாட்டி தொடமாட்டாள். இரண்டடி தள்ளி மணையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வாள். "இடது கையை அடியில வை. அவசரப்படாதே. ஈரம் போகத் துடை."

அப்போதெல்லாம் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "கல்யாணம் ஆகி வந்த பொண்ணு மாதிரி இவர் நம்மாத்துல வந்து உட்கார்ந்திண்டிருக்கார். ஒரே ஒரு தடவை பொறந்தாத்துக்கு ஏளப்பண்ணிண்டு போயிட்டு வரணும்டா."

பிறந்த வீடு என்றால் நேபாளத்தில் ஓடும் கண்டகி நதி. அங்கே முக்திநாத்தைத்தான் சாளக்கிராமம் என்ற திவ்ய தேசமாகச் சேவிக்கிறோம். ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களில் இந்தப் பூமியில் இருப்பவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். திருமங்கையாழ்வார் இதற்குப் பாடிய பத்துப் பாசுரங்களும் பாட்டிக்கு மனப்பாடம். நூற்றெட்டில் பாதியைக்கூடச் சேவித்தவள் இல்லை. ஆனால் எந்தக் கோயில் போகணும் பாட்டி என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள். மூட்டு வலியும் மூச்சிரைப்பும் விடவில்லை. போன வருஷம் சித்திரையில் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டாள்.

வருஷாப்திகம், அதாவது அவளுடைய முதல் வருஷத் திதி, முடியும்வரை மலைக் கோயிலுக்குப் போகக்கூடாது என்றார்கள். அதற்குள் என் பிளஸ் டூ பரீட்சையும் முடிந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் அத்தை துணைக்கு வந்தாள். நேபாளத்துக்கு விசா தேவையில்லை. பெரியவர்களுக்கு வாக்காளர் அட்டையே போதும். எனக்கு 17தான், அந்த அட்டை கிடையாது, பாஸ்போர்ட் எடுத்தோம். சாளக்கிராமத்தைத் துளசியோடு வெள்ளிச் சம்புடத்தில் வைத்து, பட்டுத் துணியில் சுற்றி, கழுத்தில் தொங்கிய பையில் வைத்துக்கொண்டேன். ஊர் திரும்பும்வரை தூங்கும்போதும் குளிக்கும்போதும் மட்டும்தான் அந்தப் பையைக் கழற்றினேன்.

டெல்லி, காத்மாண்டு, அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் சாலை வழியாகப் பொக்காரா. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம். காலையில் மட்டும்தான் பறக்கும், ஏனென்றால் முற்பகலிலேயே கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசத் தொடங்கிவிடும். முதல் நாள் மேகம் மூடி விமானம் ரத்தானது. மறுநாள் ஏறினோம். 20 நிமிடப் பயணம்தான். ஒரு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, மறுபக்கம் 8,167 மீட்டர் தவளகிரி. நடுவில் எங்கள் விமானம். ஆழ்வார் நெஞ்சைப் பார்த்து அங்கே போய்ச் சேர் என்று சொன்ன இடத்துக்குப் போகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜோம்சோமிலிருந்து ராணிபவுவா வரை ஜீப். அதன்பின் நடை. கோயில் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பத்துப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. குதிரையில் வரச் சொன்னேன். "அம்மா வந்திருந்தா நடந்துதான் வந்திருப்பா" என்று சொல்லிவிட்டு அத்தை நின்று நின்று ஏறினாள்.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 கோமுகங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகிய தண்ணீர் கொட்டுகிறது. திபெத்திய பௌத்தர்கள் இந்த இடத்தை 'நூறு நீர்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். அவர்களுக்கும் இது புனிதத் தலம். பையை அத்தையிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். முதல் பத்துக்குள் தலை மரத்துவிட்டது. பாட்டி பெயரைச் சொல்லிக்கொண்டே மீதியையும் ஓடி முடித்தேன். பிறகு முன்னால் இருக்கும் இரண்டு குண்டங்களிலும் முங்கி எழுந்து, நடுங்கிக்கொண்டே உள்ளே போனோம். ஸ்ரீமூர்த்திப் பெருமாள், பக்கத்தில் நாச்சியார். அருகே சிவப்பு அங்கி அணிந்த பௌத்தத் துறவிப் பெண் ஒருவர் நின்றிருந்தார். சம்புடத்தைத் திறந்து சந்நிதிக்கு நேராகக் காட்டினேன். அந்தத் துறவி எட்டிப் பார்த்துச் சிரித்தார். அத்தை பாசுரம் சொல்லத் தொடங்கி, நாலாவதில் குரல் கம்மி நிறுத்திவிட்டாள். மீதியை நான் சொன்னேன். தினமும் காதில் விழுந்ததுதானே.

திரும்பும் வழியில் காக்பேனியில் இறங்கினோம். முக்திநாத் பக்கத்திலிருந்து வரும் ஆறு அங்கே காளி கண்டகியில் சேர்கிறது. கரையில் சிலர் பித்ரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் சாம்பலைக் கரைத்தது போல ஓடுகிறது. பல கோடி வருஷங்களுக்கு முன் இந்த இடமெல்லாம் கடல். அந்தக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்களின் தடம்தான் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிகிறது என்று படித்திருக்கிறேன். பெருமாள் கடலிலிருந்து வந்தார் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் பள்ளிகொண்டிருப்பதே கடலில்தானே.

கரையில் குனிந்து சாளக்கிராமத்தை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். உலர்ந்தால் சாம்பல் நிறம், நனைந்தால் மை போலக் கறுப்பு. ஆற்றுப் படுகை முழுக்க அதே நிறத்தில், அதே வழுவழுப்பில் கற்கள். கை நழுவினால் எது எங்கள் பெருமாள் என்று தேடவே முடியாது. அந்த நினைப்பு வந்ததும் விரல்கள் இறுகிவிட்டன. இழுப்பு வேறு பலமாக இருந்தது.

"இடது கையை அடியில வை" என்றாள் அத்தை.

வைத்தேன். கண்டகி மூன்று முறை அவர் மேல் ஏறி ஓடியது. புருஷ ஸூக்தம் சொல்லி, துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துளசியைச் சாத்தி, உலர்ந்த திராட்சையை அமுது செய்யப் பண்ணினேன். அத்தை ஒரு பாட்டிலில் ஆற்று நீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"பொறந்தாத்துச் சீர் இல்லாம எப்படிடா கிளம்பறது?"

ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டல் பாட்டிலின் அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. தினமும் திருமஞ்சனத்தில் அதிலிருந்து ஒரு உத்தரணி சேர்க்கிறேன். இன்னும் பாதிப் பாட்டில் இருக்கிறது.