ஈசானி மூலையில் பிள்ளையார்

மாமனாருக்குக் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் என்று பிரவுசர் மூன்றும் ஒன்றுதான். "எல்லாமே உருண்டை, எல்லாத்துலயும் கலர் கலரா என்னமோ சுத்துது. இதுல என் பென்ஷன் எந்த உருண்டைக்குள்ள இருக்குன்னு எப்படி மாப்பிள்ளை கண்டுபிடிக்கிறது?" என்றார். கேள்வி நியாயம்தான். அவருடைய புக்மார்க் எல்லாம் இருப்பது ஃபயர்பாக்ஸில். "ஐகானை மாத்திடலாம் மாமா. என்ன படம் வேணும், சொல்லுங்க" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது: "பிள்ளையாரை வைங்க."

காலண்டர் பிள்ளையாரை மச்சினன் போனில் படம் எடுத்தான். எடுத்தவன் சும்மா இருந்தானா? ஃபைல் பேரின் கடைசியில் இருந்த ஜேபிஜியை அழித்துவிட்டு, ஐகான் ஃபைலுக்கு வருகிற ஐசிஓ என்று அடித்து, "முடிஞ்சுது" என்றான். ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், சேஞ்ச் ஐகானில் அதைக் காட்டினால், இதில் ஐகானே இல்லை என்று விண்டோஸ் கையை விரித்தது. பேரை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? நிஜமான ஐசிஓ ஃபைலில் ஒரே படம் 16, 32, 48, 256 பிக்சல் என்று பல அளவுகளில் இருக்கும். இடத்துக்குத் தகுந்ததை விண்டோஸ் எடுத்துப் போட்டுக்கொள்ளும். படம் திருத்துகிற கிம்ப் மென்பொருளில் ஒவ்வோர் அளவையும் ஒரு லேயராக வைத்துச் சேமித்தேன்.

256இல் பிள்ளையார் ஜம்மென்று இருந்தார். கையிலிருந்த மோதகத்தின் மடிப்பு வரை தெரிந்தது. 48இல் தும்பிக்கை தப்பித்தது. 16க்கு 16 என்றால் மொத்தமே 256 புள்ளிதான். அதற்குள் தும்பிக்கை, தொந்தி, நாலு கை, மூஞ்சூறு எல்லாம் எங்கே அடங்கும்? மாமனார் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "பிள்ளையாரைக் காணோமே, கொழுக்கட்டை மட்டும்தான் தெரியுது." சின்ன அளவுக்கு முகத்தை மட்டும் தனியாக வெட்டி வைத்தேன். ஐகான் வரைகிறவர்கள் குட்டி அளவைத் தனியாக வரைவது சும்மா இல்லை.

ஒருவழியாக டெஸ்க்டாப்பில் வந்து உட்கார்ந்தார். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தார்.

"காலடியில என்ன அம்பு? வேல் அவர் தம்பிக்குத்தானே?"

"அது ஷார்ட்கட்னு காட்ட விண்டோஸ் போடுற குறி அத்தை."

"சரி. பக்கத்துல என்ன குப்பைத்தொட்டி?"

ரீசைக்கிள் பின். இதற்கு என்னிடம் பதில் இல்லை. "சாமியை ஈசானி மூலைக்கு மாத்துங்க" என்று தீர்ப்பு வந்தது. திரையில் வடகிழக்கு என்றால் வலப்பக்க மேல் மூலை. இழுத்துக்கொண்டு போய் விட்டால், பிள்ளையார் மறுபடி இடப்பக்கம் ஓடிவந்து குப்பைத்தொட்டிக்குக் கீழேயே நின்றார். ஆட்டோ அரேஞ்சில் இருந்த டிக்கை எடுத்த பிறகுதான் மூலையில் நிலைத்தார்.

படம் தயாராக இருக்கிறதே என்று என் மனைவி அவளுடைய மேக்கை நீட்டினாள். அங்கே வேலை சுலபம். பிரிவ்யூவில் படத்தைக் காப்பி செய்து, அப்ளிகேஷன் மேல் கமாண்ட்-ஐ அடித்து, மேலே இடது மூலையில் இருக்கும் குட்டி ஐகானைத் தொட்டு, கமாண்ட்-வி. அவ்வளவுதான். ஆனால் அப்டேட் வந்ததும் பழைய ஐகான் திரும்பிவிட்டது. "பிள்ளையாரைக் கரைச்சுட்டாங்க" என்றாள்.

மச்சினன் லினக்ஸ் ஆள், கேட்கவே வேண்டாம். அப்ளிகேஷனின் பேர், ஐகான் எல்லாம் எழுதியிருக்கும் டெஸ்க்டாப் ஃபைலை ஹோம் ஃபோல்டருக்குள் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று காப்பி செய்து, 'ஐகான்=' என்கிற வரியில் படம் இருக்கும் இடத்தை எழுதினான். அந்த வரியில் டில்டே (~) குறியைப் போட்டு ஹோம் ஃபோல்டரைச் சுருக்கமாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது, முழுப் பாதையும் வேண்டும். அவன் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, படம் வரவில்லையே என்று விடிய விடிய ஐகான் தீம்களை மாற்றிக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜேபிஜிக்குப் பேர் மாற்றியவன்தானே.

போன ஞாயிறு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையார் ஈசானி மூலையில் பத்திரமாக இருந்தார். மாமனாரோ கீழே டாஸ்க்பாரில் பின் செய்திருந்த பழைய உருண்டையைத் தட்டிப் பென்ஷனைத் திறந்துகொண்டிருந்தார். டாஸ்க்பாரில் இருப்பது தனி ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் என்ன மாற்றினாலும் அது அசையாது.

"ஏன் மாமா, பிள்ளையாரைத் தொடலையா?"

"அவரை ரெண்டு தட்டு தட்டணும். சாமி தலையில குட்டுறீங்களான்னு உங்க அத்தை கத்துறா. இங்கன்னா ஒரே தட்டு. இடமிருந்து மூணாவது. இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை?"