மூன்றாவது சிலிண்டர்

டிசம்பர் 6

புல் முழுக்க வெள்ளை. டீசல் பிக்கப் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அம்மாவின் ஆக்ஸிஜன் அளவு 93.

டிசம்பர் 7

இன்றும் இல்லை. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றுகிறது, பேட்டரியும் புதுசு. சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் குபுகுபுவென்று, பச்சை டீசல் வாசனையோடு. வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போய் எரியாமலே வெளியே வருகிறது. அதனால் பம்ப் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. எட்டு மணிக்கு வெயில் ஏறிய பிறகு இறக்கத்தில் விட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை எடுத்ததும் பிடித்துக்கொண்டது. ஆனால் மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, வண்டி முழுக்க உதறல்.

எட்டு மணிக்கு ஸ்டார்ட் ஆகி என்ன பயன்? கேரட் ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அதைக்கூட விடு, லோடுக்கு வேறு வண்டி சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுத்தால்? எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் இறங்கி ஏறுகிற வண்டி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மேலே வளைவோடு நின்றுவிடும்.

டிசம்பர் 8

அம்மா 94. நல்ல தூக்கம்.

வண்டியை ராத்திரியில் மேட்டில்தான் நிறுத்துகிறேன். டயருக்குக் கல்.

டிசம்பர் 9

சித்தப்பா கேட்கிறார், "கீழே போனா ஒரே சுத்துல எழுந்துக்குதே, இங்க மட்டும் என்னடா?" நியாயமான கேள்வி. நாம் இருப்பது நீலகிரியில், 2,000 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம். டீசல் இன்ஜினுக்குப் பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் தானாகப் பற்ற வேண்டும், அதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இங்கே அமுக்குவதற்கே காற்று குறைவு, சுற்றியிருக்கிற இரும்போ ஐஸ்.

அப்படியானால் எதிர் வீட்டு லாரி எப்படி ஸ்டார்ட் ஆகிறது? அதில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் அடிக்கிறது. நம்முடையது பழைய மகிந்திரா பிக்கப், உள்ளே பெஜோ டிசைன் எக்ஸ்.டி.பி 4.90, நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 2,112 சிசி. இதில் சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கிற ஹெட்டுக்குள் சின்னதாக ஒரு அறை. டீசல் முதலில் அங்கே போய்ப் பற்றி, அப்புறம்தான் சிலிண்டருக்கு வரும். சத்தம் குறைவு, இழுவையும் நல்லா இருக்கும், ஆனால் காலையில் அந்தச் சின்ன அறையின் சுவரே சூட்டையெல்லாம் குடித்துவிடும். அதற்குத்தான் ஒவ்வொரு அறையிலும் ஒரு ஹீட்டர் பிளக். நுனி 800 டிகிரிக்கு மேல் சிவக்கும். அது சிவக்கவில்லை என்றால் மார்கழியில் இந்த இன்ஜின் எழாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் "பேட்டரியைப் பாரு" என்கிறார்கள்.

டிசம்பர் 10

பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டேன். ஒன்று எரிந்தது. இரண்டு எரிந்தது. நான்கு எரிந்தது. மூன்றாவது இல்லை.

போன வருஷம்தான் நான்குமே புதுசு போட்டது. அப்புறம் ஏன் மூன்றாவது மட்டும்?

டிசம்பர் 11

ராத்திரி இருமல் நிற்கவே இல்லை. நெபுலைசர் வைத்து, முதுகைத் தேய்த்து, ஒரு மணிக்கு 89 காட்டியது. வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் பனி. சாவியைத் தொடவில்லை. அதற்குள் உள்ளே 92 என்று அக்கா கூப்பிட்டாள்.

டிசம்பர் 12

தள்ளி ஸ்டார்ட் செய்து, சூடாகிற வரை ஓடவிட்டு, ஐடிலில், டீசலை உள்ளே பீச்சுகிற ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்த்தேன். நல்ல சிலிண்டர் என்றால் டீசல் வெளியே கசிந்த உடனே இன்ஜின் தடுமாற வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றிலுமே தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினால் ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் இன்ஜின் சூடான பிறகும் வேலை செய்யவில்லை. அப்படியென்றால் பிளக் மட்டும் இல்லை, நாசிலும்தான். அல்லது காற்றை அமுக்குகிற கம்ப்ரஷனே போயிருக்க வேண்டும். கம்ப்ரஷன் என்று எழுதவே கை வரவில்லை.

மெக்கானிக் அண்ணன் போனில் சொன்னார்: "நாலையும் கழட்டு, நம்பர் போட்டு வை, கோயமுத்தூர் கொண்டு போ. ஒண்ணை மட்டும் செய்யாதே."

டிசம்பர் 13

நாசில் நான்கும் வெளியே. கழற்றுவதற்கு முன்னால் சுற்றிலும் பிரஷ் போட்டு, டீசலால் கழுவி, காற்றடித்துவிட்டுத்தான் கை வைத்தேன். ஒரு துளி மண் பைப்புக்குள் போனால் புது நாசிலும் போச்சு. பைப் முனைகளுக்கு பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட்.

இரண்டாவது ஓட்டையில் செம்பு வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டது. கம்பியை வளைத்து, தூண்டில் போட்டு எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. இதை எடுக்காமல் மேலே புதுசைப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. இரண்டு வாஷர் உட்கார்ந்தால் நாசில் மேலே தூக்கி நிற்கும், கேஸ் லீக் ஆகும், ஒரு மாதத்தில் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

பிளக்கில் ஒன்று, இரண்டு, நான்கு வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை.

டிசம்பர் 14

மூன்றாவது அசையவில்லை.

டிசம்பர் 15

கோவை. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். பர்லியார் தாண்டியதும் காது அடைத்தது, ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்டர் மேல் ஒவ்வொன்றாக மாட்டி, கைப்பிடியை அழுத்திக் காட்டினார்கள். நல்ல நாசில் கிர்கிர் என்று சத்தம் போட்டுக்கொண்டு பனிப்புகை மாதிரி அடிக்க வேண்டும். ஒன்றும் நான்கும் பரவாயில்லை, பிரஷர்தான் இறங்கியிருந்தது. இரண்டாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தது. மூன்றாவது அடிக்கவே இல்லை, ஒழுகியது. சொட்டுச் சொட்டாக. பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இந்த சிலிண்டர்ல பிளக் எரிஞ்சிருக்குமே?" எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நாசில் சரியாகப் பிரித்து அடிக்காமல் ஊற்றினால் அந்தச் சின்ன அறைக்குள் நெருப்பு ஒரே இடத்தில் எரியும், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிளக்கின் நுனியைத் தின்றுவிடும். போன வருஷம் பிளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்த இடத்தில் நாசிலைத் திறந்தே பார்க்கவில்லை. புது பிளக்கை அதே நெருப்பில் போட்டிருக்கிறார்கள். கோபம் இன்னும் தணியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் வேலைதானே கூடியிருக்கும்?

நான்குக்கும் புது நாசில் சொல்லிவிட்டேன். இன்றும் மைகோ என்றுதான் கேட்கிறார்கள். 1951இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் கவுண்டரில் பேச்சு மாறவில்லை. ஊசியும் உடலும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தியவை, இடைவெளி சில மைக்ரான்தான், ஒன்றன் ஊசியை இன்னொன்றில் போடவே கூடாது. உள்ளே ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து எல்லாவற்றையும் ஒரே பிரஷருக்குக் கொண்டு வருகிறார்கள். நம்ம மாதிரி இன்ஜினுக்கு 120 பார் அழுத்தம் பக்கம், லாரிக்கு 200க்கு மேல். அடிக்கும்போது நான் குனிந்து பார்த்தேன், பெரியவர் தோளைப் பிடித்து இழுத்தார். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆபரேஷன் வரைக்கும் போய்விடும் என்றார்.

நாளை மறுநாள் தருவார்கள்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தாச்சு. அம்மா 91.

வண்டி பிரித்துக் கிடக்கிறது. இன்று ராத்திரி மட்டும் ஒன்றும் ஆகக் கூடாது.

டிசம்பர் 17

எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எந்த நேரமானாலும் எழுப்பச் சொன்னார். லாரி கீழே வராது, மேலே வளைவு வரை நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போவேன்.

மூன்றாவது பிளக்குக்கு காலையும் மாலையும் எண்ணெய் விடுகிறேன். ஸ்பேனரை வைத்து லேசாக இறுக்குகிற பக்கம், அப்புறம் கழற்றுகிற பக்கம். கையில் ஒரு முறுக்கு தெரிகிறது, பிளக்கே முறுக்குகிற முறுக்கு. அங்கேயே விட்டுவிட்டேன். உடைந்தால் ஹெட்டைத் தூக்க வேண்டும்.

டிசம்பர் 18

நாசில் வந்துவிட்டது. புது செம்பு வாஷரும். பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும் என்று தம்பி சொன்னான். உண்மைதான், அவசரத்துக்குச் செய்வார்கள். எனக்கு வேண்டாம்.

மாட்டி, ஃபில்டர் மேலே கைப் பம்பை அடித்து அடித்து, முதலில் ஃபில்டரில், அப்புறம் பம்பில், கடைசியாக நாசில் நட்டுகளில் ஏர் எடுத்தேன், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். நுரை நின்று சுத்தமான டீசல் வருகிற வரை விடவில்லை.

டிசம்பர் 19

ஒருத்தர் வந்து, "துணியில பெட்ரோல நனைச்சு ஏர் கிளீனர் வாயில புடி, டப்புனு எழுந்துக்கும்" என்கிறார். உள்ளே பிளக் சிவந்திருக்கும்போது பெட்ரோல் ஆவி போனால் நேரம் காலம் இல்லாமல் வெடிக்கும், பிஸ்டன் ரிங் நொறுங்கும். வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். இருக்கட்டும்.

டிசம்பர் 20

மூன்றாவது பிளக் வந்துவிட்டது!!!

முதலில் பழைய மூன்றாவது பிளக் அதன் இடத்திலேயே, மற்ற மூன்று பிளக்கும் புதுசு. அப்படியே இறக்கத்தில் விட்டு ஸ்டார்ட் செய்தேன். மிஸ்ஸிங் நின்றுவிட்டது, மூன்றாவது சிலிண்டர் வேலை செய்கிறது. கம்ப்ரஷன் இல்லை, கம்ப்ரஷன் இல்லை, அது நாசில்தான். லவ்டேல் வரை போய்த் திரும்பி வந்து, இன்ஜின் நல்ல கொதிப்பில் இருக்கும்போதே நிறுத்திவிட்டு ஸ்பேனர் வைத்தேன். அரைச் சுற்று போக, கால் சுற்று திரும்ப, மறுபடி எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. கிரீச் என்று ஒரு சத்தம், அப்புறம் லேசாகிவிட்டது.

நுனி இல்லை. பாதி தின்று போயிருக்கிறது.

அந்தத் துண்டு எங்கே? மெக்கானிக் அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். ஓரம் வழவழவென்று உருகியிருக்கிறது, உடைந்த முனை இப்படி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து சைலன்சர் வழியாகப் போயிருக்கும் என்கிறார். ஆனாலும் பிளக் இல்லாமல் இன்ஜினைக் கையால் சுற்றி, அந்த ஓட்டையில் காதை வைத்துக் கேட்டேன். காற்று மட்டும்தான். கம்பி முனையில் கிரீஸ் தடவி உள்ளே துழாவினேன், கரிதான் வந்தது. நம்புகிறேன்.

டிசம்பர் 21

பிளக் நான்கும் புதுசு, கையாலேயே முழு மரை ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர். ஆனால் பட்டையில் 9 வோல்ட்தான் வந்தது. பேட்டரியிலிருந்து வருகிற வயரின் முனையில் பச்சைக் களிம்பு. சுரண்டி, வயர் முனையில் புது லக் (மாட்டுகிற வளையம்) போட்டதும் 11க்கு மேல் நின்றது. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் புது பிளக்கும் அரைச் சூட்டில்தான் இருந்திருக்கும்.

அம்மா 94.

டிசம்பர் 22

காலை நாலரை. வேண்டுமென்றே சமதரையில் நிறுத்தியிருந்தேன். சாவியை ஹீட்டரில் வைத்து இருபது எண்ணினேன். செல்ஃப். பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை, உடனே தெளிந்தது. அம்மா உள்ளிருந்தே "ஆயிடுச்சா?" என்றார். ஆயிடுச்சும்மா.

டிசம்பர் 23

ஸ்டார்ட் ஆனது. 93.

டிசம்பர் 24

ஸ்டார்ட் ஆனது. புல் வெள்ளை, தலைகுந்தா பக்கம் இன்னும் மோசமாம்.

டிசம்பர் 26

87. இரண்டே காலுக்குக் கிளம்பினோம். ஒரே சுற்று. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், இப்போது 95, பேசுகிறார், காபி கேட்கிறார். டாக்டர் நாளை வரை இருக்கச் சொன்னார்.

டிசம்பர் 27

அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. இரண்டாவது நாசிலின் ரிட்டர்ன் பைப்பில் ஈரம், துடைத்தால் மறுபடி வருகிறது. பைப் இறுகிப்போயிருக்கிறது, வாஷரும் சந்தேகம். குன்னூரில் கிடைக்கிறதா என்று திங்கட்கிழமை கேட்க வேண்டும்.