வாஷிங்டனில் புத்தகம் படிக்கும் பணிப்பெண்

வாஷிங்டனுக்குப் போகிறவர்கள் வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவிடம் என்று ஒரு பட்டியலோடு போவார்கள். நான் போனது ஒரே ஓவியத்துக்காக. அமெரிக்க ஓவியர் வில்லியம் பாக்ஸ்டன் 1910-ல் வரைந்த ‘தி ஹவுஸ் மெய்ட்’. ஆர்க்கைவ்ஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் அது இருக்கும் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் நடக்கிற தூரம்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அமெரிக்க ஓவியங்களுக்கு முன்னால் டச்சு அறைக்குப் போனேன். அங்கே பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘எ லேடி ரைட்டிங்’ இருக்கிறது. மஞ்சள் மேலங்கி போட்ட பெண் கடிதம் எழுதிக்கொண்டே தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள். பாக்ஸ்டன், எட்மண்ட் டார்பெல் போன்ற பாஸ்டன் ஓவியர்களுக்கு ஆதர்சம் இந்த வெர்மீர்தான். கலைப்பொருள் சேகரிப்பாளர் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1892-ல் பாரிஸ் ஏலத்தில் வாங்கிய வெர்மீர் ஓவியம் ஒன்று அவர்கள் ஊரிலேயே இருந்தது. (அது 1990-ல் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை.) நியூயார்க்கில் ஜான் ஸ்லோனும் அவர் கூட்டாளிகளும் தெருவையும் மதுக்கடையையும் வரைந்த அதே வருடங்களில், இந்தப் பாஸ்டன்காரர்கள் பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஜன்னலோரம் பின்னல் வேலை, தேநீர், வாசிப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் பாக்ஸ்டன். படம் சுமார் இரண்டரை அடி உயரம். முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் கீழைநாட்டுப் பீங்கான் ஜாடியும் சில அலங்காரப் பொருட்களும். மேஜைக்குப் பின்னால் வெள்ளை ஏப்ரன் கட்டிய பணிப்பெண். தூசி தட்டும் இறகுக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே தலைகுனிந்து புத்தகம் படிக்கிறாள். உட்காரவில்லை, கவனியுங்கள். யாராவது வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு வேலையைத் தொடர வேண்டும். இறகுக் கட்டையைக் கீழே வைக்காததிலேயே அது தெரிந்துவிடுகிறது.

ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது மற்றவை நம் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தானே தெரியும்? பாக்ஸ்டன் அதையே தன் முறையாக்கிக்கொண்டார். ஓரிடத்தில் கூர்மை, மற்ற இடங்களில் விளிம்பு கரையும். கிட்டே போய், பிறகு நாலடி பின்வாங்கிப் பாருங்கள்.

அதே தொகுப்பில் டார்பெல்லின் ‘ஜோசஃபின் அண்ட் மெர்சி’ (1908). நியூ ஹாம்ப்ஷயர் கோடை வீட்டில் அவருடைய இரண்டு மகள்கள். வெளிச்சம் அற்புதம். ஆனாலும் எனக்கு மனம் பாக்ஸ்டனிடமே திரும்பியது. பாஸ்டன் ஓவியங்களில் வரும் சீமாட்டிகளுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அவர்களுடைய அமைதி வீட்டோடு வந்தது. அந்த ஜாடிகளைத் துடைத்து வைப்பது யார் என்று அந்தப் படங்கள் சொல்வதில்லை. இந்தப் படம் சொல்கிறது. இவளுடைய அமைதி வேலைக்கு நடுவே இவளே பிடுங்கிக்கொண்டது. பாஸ்டன்காரர்கள் வரைந்ததிலேயே உண்மையான வீட்டுக் காட்சி இதுதான் என்பேன்.

பாக்ஸ்டன், டார்பெல் ஓவியங்கள் இரண்டும் வாஷிங்டனிலேயே இருந்த கோர்கோரன் கேலரியைச் சேர்ந்தவை. அது 2014-ல் மூடப்பட்டபோது இங்கே வந்து சேர்ந்தன. ஓவியங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவார்கள். அதனால் கிளம்பும் முன் கேலரியின் இணையதளத்தில் ஓவியத்தின் பெயரைத் தேடி, சுவரில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.