ஓடாத அறுநூறு மீட்டருக்கு என்ன ஈடு?

நான் ஓடிய மாரத்தானில், 27வது கிலோமீட்டருக்கு அருகே இருந்த யூ டர்னில், திரும்பும் இடத்தைக் காட்டும் கோன் இடம் மாறிவிட்டது. முன்னால் போன வேகமான குழு சரியான இடத்தில்தான் திரும்பியது. பின்னால் வந்த எங்களையெல்லாம் தன்னார்வலர்கள் முன்கூட்டியே திருப்பிவிட்டார்கள். ஓட்டம் முடிந்ததும் வாட்சைப் பார்த்தேன்: 42.195 இருக்க வேண்டிய இடத்தில் 41.6 கிலோமீட்டர். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஓடியது, கடைசியில் மாரத்தானே இல்லை என்றாகிவிட்டது.

அமைப்பாளர்களுக்குப் புகார் அனுப்பினேன். ‘ஜிபிஎஸ் பிழையாக இருக்கலாம்’ என்று பதில் வந்தது. மற்றவர்களும் அதே பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடக்கூடும் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கீகாரம் பெற்ற பாதையை அளக்கும்போது, தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே அளப்பார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர் ஆகிறது. அதுவும் வளைவுகளை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறைந்த தூரக் கோட்டில். கூட்டத்துக்குள் யாரும் அப்படி ஓட முடியாது. அதனால் வாட்ச் பெரும்பாலும் 42.195ஐவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அரை கிலோமீட்டருக்கு மேல் குறைகிறது, அதுவும் எல்லாருடைய வாட்சிலும் குறைகிறது என்றால் பிழை வாட்சில் இல்லை.

அதைவிட வலுவான ஆதாரம் அவர்களே வெளியிட்ட முடிவுப் பட்டியலில் இருந்தது. ஓடுபவரின் சிப் கடந்துபோகும் நேரத்தைப் பதிய சாலையில் மேட் விரித்திருப்பார்கள்; 25, 30 கிலோமீட்டர் மேட்களில் பதிந்த நேரங்களை எடுத்துப் பார்த்தோம். அதுவரை ஐந்து கிலோமீட்டருக்கு 30 நிமிடம் எடுத்தவர்கள், அந்தத் துண்டை மட்டும் 26 நிமிடச் சொச்சத்தில் கடந்திருந்தார்கள். அடுத்த துண்டில் மறுபடி 31. மாரத்தானின் பின்பாதியில் யாருக்கும் அப்படித் திடீர் வேகம் வராது. முன்குழுவின் நேரங்களில் இந்தத் தாவல் கிடையாது. இதை அட்டவணையாகப் போட்டு அனுப்பிய பிறகுதான் தவறை ஒப்புக்கொண்டார்கள்.

அப்புறம் வந்தது ஈடு: எல்லாருக்கும் அடுத்த ஆண்டு பதிவில் தள்ளுபடி கூப்பன். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுபடியும் அவர்களுக்கே பணம் கட்டினால்தான் அந்த ஈடு கைக்கு வரும். அதோடு, எல்லாரும் இழந்தது ஒன்றல்ல. முன்குழுவின் கடைசியில் முழுத் தூரமும் ஓடிய ஒரு பெண், தன் வயதுப் பிரிவின் மூன்றாமிடத்தை அறுநூறு மீட்டர் குறைவாக ஓடியவரிடம் இழந்திருந்தார். பாஸ்டன் மாரத்தான் போன்ற ஓட்டங்களில் இடம் கேட்க, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு மாரத்தானை முடித்திருக்க வேண்டும்; அந்தத் தகுதி நேரம் தேடியவர்களுக்கு, நேரம் செல்லாது என்று சீக்கிரம் எழுத்தில் தெரிந்தால்தான் வேறு ஓட்டத்தில் முயல முடியும். மான்செஸ்டர் மாரத்தான் பாதை 2013 முதல் 2015 வரை 380 மீட்டர் குறைவாக இருந்தது பின்னால்தான் தெரியவந்தது. சுமார் 24,000 பேரின் நேரம் செல்லாமல் போனது. எங்கள் ஓட்டத்தில் கடைசியில் வந்தவர்கள் நிலைதான் மோசம். 32 கிலோமீட்டருக்குப் பிறகு அவர்களுக்குத் தண்ணீரே இல்லை. காலி கேன்களும் கசங்கிய கப்புகளும்தான் கிடந்தன. வெயில் ஏறிய நேரத்தில் ஓடியவர்களும் அவர்கள்தான். எல்லாரும் கட்டியது ஒரே கட்டணம்.

அதனால் தனித்தனியாக எழுதுவதை விட்டுவிட்டுச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். ஒவ்வொரு இழப்புக்கும் தனிப் பத்தி. 2012இல் சாண்டி புயலால் நியூயார்க் மாரத்தான் ரத்தானபோது, பணத்தைத் திரும்பப் பெறுவதா, பின்னொரு ஆண்டில் இடம் வாங்கிக்கொள்வதா என்பதை ஓட்டக்காரர்களிடமே விட்டார்கள். இயற்கைச் சீற்றத்துக்கே அப்படி என்றால், கோனை யாரும் கவனிக்காததற்கு அதைவிடக் குறைவாக எப்படித் தர முடியும் என்று கேட்டோம்.

முடிவுப் பட்டியலில் ‘தூரம் குறைவு, நேரம் செல்லாது’ என்ற குறிப்பு ஏறியது. மூன்றாமிடம் அந்தப் பெண்ணுக்கே திரும்பக் கிடைத்தது. எனக்கு இந்த விவகாரத்தில் பெரிய நிறைவு அதுதான். கட்டணத்தைத் திரும்பப் பெறுவதா, அடுத்த ஆண்டு இலவசமாக ஓடுவதா என்பதை நாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். பயணச் செலவைத் தர மறுத்துவிட்டார்கள்.

தண்ணீர் பற்றி மட்டும் இன்னும் நேரான பதில் இல்லை. எந்த நிலையத்தில் எவ்வளவு வைத்தீர்கள் என்ற கணக்கைக் கேட்டிருக்கிறோம். பணத்தைத் திரும்பப் பெறும் படிவத்தின் அடியில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கிறது. அதை நீக்கித் தரச் சொல்லி எழுதியிருக்கிறோம். நீக்கும்வரை எங்களில் யாரும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.