தீச்சட்டம் வரைந்த முகப்புகள்: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நடை

லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால், கண்ணாடி அலுவலகக் கட்டடங்கள் முடிந்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பழுப்புச் செங்கல் தெருக்கள் தொடங்குகின்றன. 1714இல் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியதும் தொடங்கிய ஜார்ஜிய காலத்தின் முதல் தலைமுறை வரிசை வீடுகள் ஃபோர்னியர், வில்க்ஸ், பிரின்ஸ்லெட் ஆகிய தெருக்களில் இன்னும் குடியிருப்புகளாகவே இருக்கின்றன.

இவற்றின் முகப்பு அழகில் பாதியைத் தீர்மானித்தது தீ பற்றிய அச்சம் என்பதை அறிந்துகொண்டு போனால், பார்க்கும் பார்வையே மாறிவிடும். 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயை மறக்காத லண்டன், 1707இல் இயற்றிய சட்டத்தின் மூலம் சுவருக்கு வெளியே நீளும் மரத்தாலான இறவாரங்களை, அதாவது கூரை விளிம்புகளைத் தடைசெய்து, முகப்புச் சுவரைக் கூரைக்கு மேல் கைப்பிடிச் சுவராக எழுப்பச் சொன்னது. கூரை பின்னால் ஒளிந்துகொள்ள, தெருவின் மேல்விளிம்பு ஒரே நேர்கோடாகத் தெரிவது அதனால்தான். 1709இல் வந்த சட்டம், ஜன்னல் சட்டங்களைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும் என்றது. ஆனால், அதற்குப் பிறகு கட்டப்பட்ட இத்தெருக்களிலும் சுவரோடு ஏறத்தாழ ஒட்டிய வெள்ளை ஜன்னல் சட்டங்களைக் காணலாம். சட்டம் போடுவதும் அதைக் கண்டும் காணாமல் விடுவதும் எல்லா ஊரிலும் உண்டு போலும். வாசலுக்கு மட்டும் சட்டம் அவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. செதுக்கிய மரத்தாங்கிகள்மேல் நிற்கும் விதானம் பல கதவுகளுக்கு மேலே நீண்டிருக்கிறது, தச்சர் தம் கைவரிசையைக் காட்ட எஞ்சிய ஒரே இடம் அதுதான் என்பதைப் போல.

இந்த நிலத்தை மேம்படுத்திய சார்லஸ் வுட், சைமன் மிச்செல் இருவரும் வழக்கறிஞர்கள். அவர்கள் மனைகளைக் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டனர். கட்டியவர்கள் விரைவில் கைமாற்றி இலாபம் பார்க்கவே கட்டினர். அதனால் அக்காலத்து லண்டன் வீடுகளில் நல்ல செங்கல் முகப்புக்கு மட்டும் போனது. உள்ளே மலிவான செங்கல்லை அடுக்கி, இரண்டையும் சரிவரப் பிணைக்காமல் விட்டதும் உண்டு. முகப்புகள் சில இடங்களில் வெளியே உப்பி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் ஜன்னலின் தலைப்புறத்துச் சிவப்பு வளைவை அருகில் நின்று பாருங்கள்: ஒவ்வொரு செங்கல்லையும் தேய்த்துச் சரித்து, இடையில் நூல்போல மெல்லிய சுண்ணாம்புக் கோடு மட்டும் தெரியுமாறு பொருத்தியிருக்கிறார்கள்.

உள்ளமைப்பைக் காண வேண்டுமானால் ஃபோல்கேட் தெருவின் 18ஆம் எண் வீட்டுக்குத்தான் போக வேண்டும். 1724இல் கட்டப்பட்ட இவ்வீட்டை 1979இல் வாங்கிய டென்னிஸ் செவர்ஸ், மெழுகுவத்தி வெளிச்சமும் கணப்பின் புகைவாசமுமாக, கற்பனையான நெசவாளர் குடும்பம் ஒன்று வாழும் இல்லமாக மாற்றினார். தளத்துக்கு முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, பின்னறையின் ஓரமாகப் படிக்கட்டு என்ற இந்த அமைப்பைத்தான் லண்டன் அடுத்த நூறாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கட்டியது. இடம் குறுகினால் வீடு மேல்நோக்கித்தான் வளர முடியும். ஆகவே நிலவறையில் சமையல், நடுத்தளங்களில் விருந்தினர், உச்சியில் வேலையாட்கள் என அந்தஸ்தும் படிப்படியாக அடுக்கப்பட்டது. இக்காலப் படிக்கட்டுகளில், கைப்பிடியைத் தாங்கும் கடைசல் பிடித்த முறுக்குக் கால்கள் விருந்தினர் வரும் தளம்வரை மட்டும் இருந்து, அதற்குமேல் எளிய கால்களாக மாறிவிடுவதும் வழக்கம்.

கூரையடியில் அகலமான ஜன்னல்கள் தெரிந்தால், அவை தறிகளுக்கு வெளிச்சம் தர வைத்தவை. பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பிவந்த ஹியூகனாட்டுகள் எனும் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்கள் வளர்த்த பட்டுத் தொழிலின் அடையாளம் அது. ஆனால் ஃபோர்னியர் தெருவின் பெரிய வீடுகளை ‘நெசவாளர் வீடு’ என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் பட்டு வணிகம் செய்த முதலாளிகள். வில்க்ஸ் தெரு முனையில், பிரின்ஸ்லெட் தெருவின் 2ஆம் எண் வீட்டில் வாழ்ந்த அன்னா மரியா கார்த்வெய்ட் தறியில் அமர்ந்தவரல்லர்; பூவேலைப் பட்டுக்கு உருவரை தீட்டியவர்.

எல்டர் தெருவுக்கும் கட்டாயம் போங்கள். 1977இல் அங்கே இடிப்பு தொடங்கியிருந்த இரு வீடுகளுக்குள் பழங்கட்டட ஆர்வலர்கள் குடியேறி, வெளியேற மறுத்து, அவற்றைக் காப்பாற்றினார்கள். அவ்வீடுகள் தெருவின் 5, 7ஆம் எண்களாக இன்றும் நிற்கின்றன.