அமெரிக்க அடிமைமுறை: வழக்கையும் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள்

யூபிஎஸ்சிக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்திருப்பவர்களுக்கு இது. பாடத்திட்டத்தில் அமெரிக்கப் புரட்சியும், உள்நாட்டுப் போரும், அடிமைமுறை ஒழிப்பும் இருக்கின்றன. ஒழித்த கதை சரி, அது வந்த கதை? "1619-இல் வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டனர்" என்று கைடுகள் ஒரே வரியில் தாண்டிவிடும்.

அப்போது அங்கே புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். கப்பல் செலவுக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைப்பு, அப்புறம் விடுதலை. ஆயுள் முழுக்க, அதுவும் பரம்பரையாக அடிமை என்பது படிப்படியாகத்தான் சட்டமானது. எனக்குக் கைகொடுத்தது, சட்டங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் வழக்குகளோடு கோத்துப் படித்ததுதான்.

1640-இல் மூன்று வேலையாட்கள் மேரிலாந்துக்கு ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாக நான்கு ஆண்டு வேலை. மூன்றாமவரான ஜான் பஞ்ச் கறுப்பர். அவருக்கு ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்று, தண்டனை இரண்டு.

அடுத்து எலிசபெத் கீ. தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். தந்தை வழியில்தான் பிள்ளையின் நிலை, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், ஒப்பந்தக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது என்று வாதாடி 1656-இல் விடுதலை பெற்றார். இப்போது சட்டங்களைப் பாருங்கள். 1662: பிள்ளை தாயின் நிலையையே அடையும். 1667: ஞானஸ்நானம் விடுதலை தராது. அவர் நுழைந்த கதவுகள் இரண்டும் அடைபட்டன. முதல் சட்டத்தால், அடிமைப் பெண்ணுக்குத் தன்மூலம் பிறந்த குழந்தையும் எஜமானனுக்குச் சொத்தானது. பதிலில் இதை விட்டுவிடாதீர்கள்.

1676-இல் வர்ஜீனியா ஆளுநருக்கு எதிராக நத்தானியேல் பேக்கன் நடத்திய கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பர்களும் சேர்ந்து நின்றார்கள், தலைநகர் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. அந்தப் பயத்தில்தான் முதலாளிகள் அடிமைகள் பக்கம் திரும்பினார்கள் என்று முழுக் காரணத்தையும் இதன்மேல் போடுவது எனக்கு ஒப்பாது. இங்கிலாந்திலிருந்து வரும் கூலிகள் குறைந்ததையும், ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஆங்கிலேய நிறுவனமான ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஏகபோகம் 1698-இல் போனதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு 1705-இன் அடிமைச் சட்டத் தொகுப்பு.

பயிர் விஷயத்திலும் கவனம். வர்ஜீனியாவில் புகையிலை, தென் கரோலினாவில் நெல். பருத்தி கொடிகட்டிப் பறந்தது 1793-இல் விதை நீக்கும் எந்திரம் வந்த பிறகு. 17-ஆம் நூற்றாண்டுப் பதிலில் அதைக் கொண்டுவராதீர்கள்.